குல்லாவும் ஸ்வெட்டரும்

போன ஏப்ரலில் என் மகனைக் கோவைக்குப் பக்கத்தில் ஒரு இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அவனுக்கு இருபத்தேழு வயது. பிறவியிலேயே அறிவுத்திறன் குறைபாடு. நான் குன்னூர் பக்கம் ஒரு டீ எஸ்டேட்டில் கிளார்க். மனைவி இறந்த பிறகு அவனைக் குளிக்க வைப்பது, சாப்பிட வைப்பது எல்லாம் நான்தான். வேலையில் இருக்கும் வரைதான் எஸ்டேட் குவார்ட்டர்ஸ். ரிட்டயர்மென்ட் நெருங்குகிறது. எனக்கு இதயத்தில் அடைப்பு வேறு. நான் போன பிறகு இவன் எங்கே இருப்பான் என்று நினைத்தால் தூக்கம் வராது. மலையில் நான் விசாரித்த இடங்களில் எல்லாம் சின்னப் பிள்ளைகளைத்தான் சேர்த்துக்கொண்டார்கள். வளர்ந்தவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை.

அந்த இல்லம் சுத்தமாக இருந்தது. அங்கே பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம் எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். வலிப்பு மாத்திரை எப்போது, நாய் என்றால் பயம், ரசம் ஊற்றினால் தட்டைத் தள்ளிவிடுவான். அவனுடைய ஸ்வெட்டரையும் குல்லாவையும் பார்த்து அவர், "தம்பி ஊட்டிக் குளிரையும் கூடவே கூட்டியாந்துருச்சாட்டங்க" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் போன் வந்தது. மயங்கி விழுந்துவிட்டான், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றார்கள். மலையிலிருந்து எப்படி இறங்கினேன் என்று இன்றும் எனக்கு நினைவில்லை.

கட்டிலில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. ஸ்வெட்டரின் முன்பக்கத்தைக் கத்தரியால் வெட்டியிருந்தார்கள். வெட்டிய இரண்டு பக்கத்தையும் சேர்த்து மார்போடு இறுக்கிப் பிடித்தபடி கிடந்தான். தலையில் குல்லா அப்படியே இருந்தது. நர்ஸ் பக்கத்தில் வந்தாலே அலறினான். என்னைப் பார்த்ததும், "அம்மா சொல்லல" என்றான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சின்ன வயதில் நிமோனியா வந்து பிழைத்தவன் அவன். தான் சொல்லாமல் ஸ்வெட்டரையும் குல்லாவையும் கழற்றவே கூடாது என்று அவன் அம்மா பழக்கியிருந்தாள். அவள் போன பிறகும் அவள் சொல்லுக்காகத்தான் காத்திருந்தான். அதனால் தினமும் வெயில் வந்ததும், "அம்மா கழட்டச் சொன்னாங்க கண்ணு" என்பேன். உடனே கழற்றுவான். அன்று பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் அதைச் சொல்லாமலே வந்துவிட்டேன். சொல்லிச் சொல்லிப் பழகிப் போனதில், அதை இன்னொருவரிடம் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

குனிந்து அவன் காதருகில் அதைச் சொன்னேன். கைகளை விட்டுவிட்டான்.

"ஏனுங்க சார், இதெ மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே" என்றார் கூட வந்திருந்த இல்லத்து அம்மா. "நாங்க எல்லாரும் சேந்து இழுத்துப் பாத்தோமுங்க. வெயில்ல வெந்துட்டு இருந்துச்சு, உட மாட்டேனுட்டுது." அவர் மணிக்கட்டில் என் மகனுடைய பல் தடம். குரலில் கோபமில்லை. அழுது முகம் வீங்கியிருந்தது. பிறகு, "நான் சொன்னாக் கேக்குமுங்களா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. சொல்லிப் பாருங்கள் என்றேன்.

"அம்மா குல்லாவக் கழட்டச் சொன்னாங்க சாமி."

அவன் அவரையே பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. மெல்லக் குல்லாவை எடுத்து அவர் கையில் கொடுத்தான். நான் வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

அவன் இப்போதும் அங்கேதான் இருக்கிறான். இங்கே மதியம் பனி விலகி வெயில் வந்தால், அந்த வார்த்தை என் வாய் வரை வந்து நின்றுவிடுகிறது. கீழே அந்த இல்லத்தில், என் மனைவியைப் பார்த்தே இராத ஒருவர் அவள் சொன்னதாக அவனிடம் சொல்லிக்கொண்டிருப்பார். ஆனாலும் மனம் அடங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் அவனைப் போலவே எழுந்து, பல் விளக்கி, உடுத்தி, அவன் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்க்கிறேன். நான் சொல்ல மறந்தது இன்னும் ஏதாவது இருந்தால், அவர்கள் கேட்டால் சொல்ல நான் உயிரோடு இருக்கும்போதே அது நினைவுக்கு வந்துவிட வேண்டும்.