தண்ணீர் குடித்துவிட்டு ஏறுங்கள்: முல்லைத்தீவிலிருந்து கதிர்ச்சிகிச்சைக்கு ஒரு பஸ் பயணம்

மார்கழி மழையில் பரந்தன் றோட்டால் யாரும் ஆசைப்பட்டுப் பயணம் போவதில்லை. நானும் ஆசைப்பட்டுப் போகவில்லை. என் அக்கா பிலோமினாவுக்குக் கர்ப்பப்பை வாசலில் புற்றுநோய். கதிர்ச்சிகிச்சை மெசின் யாழ்ப்பாணப் பக்கத்து ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. கிழமை நாட்களில் அங்கே ஒரு மடத்தில் தங்கி, சனி ஞாயிறு வீட்டுக்கு வந்து, திங்கள் காலை பஸ்ஸில் திரும்பிப் போவார். இதே அலைச்சலுக்கு ஆயத்தமாகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போன திங்கள் அக்காவை மெசினில் படுக்க வைத்துவிட்டு எழுப்பி அனுப்பிவிட்டார்கள். கதிர் அடிக்கும் முன் ஒவ்வொரு நாளும் ஒரு படம் எடுப்பார்கள். அதில் சிறுநீர்ப்பை வெறுமையாகக் கிடந்திருக்கிறது. பை நிரம்பியிருந்தால் அது குடலை மேலே தள்ளி வைத்திருக்கும். இல்லாவிட்டால் குடல் சரிந்து கதிரின் பாதையில் விழுந்துவிடும். முதல் நாள் பை நிரம்பியிருந்தபோது எடுத்த படத்தை வைத்துத்தான் கணக்கெல்லாம் போட்டிருக்கிறார்கள். அக்கா அவசரமாகக் குடித்த தண்ணீர் நேரத்துக்குப் பையில் சேரவில்லை. அன்றைய முறை போய்விட்டது. "இனி நாள் தவறக்கூடாது, இடைவெளி விழுந்தால் நோய்க்குத்தான் வசதி" என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அக்காவின் உடம்பு ஏன் அப்படிக் காய்ந்து கிடந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் கரையில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் தெரியும். காலையில் பஸ் என்றால் முதல்நாள் பின்னேரத்தோடு தண்ணீரை நிறுத்திவிடுவோம். வழியில் எங்கே போவது? பஸ் பயணங்களைப் பற்றி ஊருக்கே எழுதுகிற நானும் அப்படித்தான். இதை எழுதவே எரிச்சலாக இருக்கிறது.

அதனால் இந்தத் திங்கள் நானும் கூடவே போனேன். ஞாயிறு இரவும் விடியவும் அக்காவோடு சண்டை பிடித்துத் தண்ணீர் குடிக்க வைத்தேன். ஆறரைக்கு பஸ். ஆளுக்கு ஐந்நூறு ரூபாய்த் தாள் கொடுத்து மிச்சம் வாங்கினேன். பத்து மணிக்குள் ஆஸ்பத்திரியில் நிற்கலாம், முறை பதினொன்றுக்கு என்று நினைத்திருந்தோம்.

விசுவமடு தாண்டியதும் றோட்டுக்கு மேலால் வெள்ளம். ஒரு பக்க வாகனங்களை விட்டு மற்றப் பக்கத்தை மறித்தார்கள். இரண்டு மணித்தியாலம் அப்படியே நின்றோம். பதற்றத்தை மறக்க, போனில் கதிர்ச்சிகிச்சை பற்றிய புது ஆராய்ச்சிகளைத் தேடிப் படித்தேன். ஆள் படுத்த பிறகு படம் எடுத்து, அன்றைக்குப் பை எந்த அளவில் இருக்கிறதோ அதற்கேற்பத் திட்டத்தை அந்த இடத்திலேயே மாற்றிக்கொள்ளும் மெசின்கள் வந்துவிட்டனவாம். அக்காவிடம் சொன்னேன்.

"நல்லது. அது இஞ்ச வாறதுக்கிடையில இந்த றோட்டில ஒரு கக்கூஸ் கட்டுவாங்களோ எண்டு தேடிப் பார்," என்றார் அக்கா.

வெள்ளத்தைக் கடந்ததும் மெசின் அறைக்குப் போன் எடுத்தேன். அங்கே வேலை செய்யும் பெண் பிள்ளை நிதானமாகச் சொன்னாள்: "பன்னிரண்டு மணி வரைக்கும் முறையை வைச்சிருப்பம் அக்கா, அதுக்குப் பிறகு மெசினைப் பூட்டிப் போடுவினம். விடியக் குடிச்சதை அவ்வளவு நேரம் அடக்கேலாது, இஞ்ச வந்து குடிக்கவும் நேரம் காணாது. வழியிலயே ஒருக்கா போயிட்டு, மூண்டு கப் தண்ணி குடிச்சு, அடக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கோ."

போயிட்டு என்று சொல்லிவிட்டாள். எங்கே போக? கண்டாவளைப் பக்கம் இரு புறமும் வயலும் வெள்ளமும். டிரைவர் விட்ட நேரத்தைப் பிடிக்கப் பறந்துகொண்டிருந்தார். அக்கா முன் சீற்றுக் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி, "இவ்வளவு ஆம்பிளையளுக்கு முன்னால கேக்க மாட்டன். நீயும் கேக்காத," என்றார். மானம் பெரிதா உயிர் பெரிதா என்று நான் கத்தவில்லை. கத்த வேண்டும்போல் இருந்தது. எழுந்து முன்னால் போனேன்.

"அண்ணை, ஒருக்கா நிப்பாட்டுங்கோ. என்ர அக்கா ஒண்டுக்குப் போகோணும்."

"தங்கச்சி, ஏற்கனவே ரெண்டு மணித்தியாலம் பிந்திப் போச்சு. பரந்தனில பாப்பம்."

"அவாவுக்குப் புற்றுநோய் அண்ணை. இப்ப போகாட்டி இண்டைக்கு மருந்து இல்லை."

அக்காவின் முகத்தைத் திரும்பிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. டிரைவர் ஒரு வீட்டுப் படலைக்கு முன் பஸ்ஸை ஓரம்கட்டினார். மலையகத்திலிருந்து வந்து இங்கே கமம் செய்கிற குடும்பம். முற்றத்தில் நின்ற பெண் விசயத்தைக் கேட்டதும், "உள்ள வாங்க, பின்னால இருக்கு. வாளியில தண்ணி இருக்கு," என்றார்.

அக்கா தலையைக் குனிந்தபடி இறங்கினார். அவருக்குப் பின்னால் ஒரு கிழவி இறங்கினார். பிறகு பிள்ளைத்தாச்சி ஒருத்தி. பிறகு கந்தோர் வேலைக்குப் போகிற இரண்டு பேர். பஸ்ஸில் இருந்த பெண்களில் பாதிப் பேர் அந்தப் படலைக்குள் வரிசையில் நின்றோம், நானும்தான். டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டு, "அவசரமில்லை, ஆறுதலா வாங்கோ," என்றார். அக்கா என்னைப் பார்த்து முறைத்தார், பிறகு சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது.

ஆனையிறவு தாண்டியதும் அக்கா மூன்று கப் தண்ணீர் குடித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு குழியும் எங்களுக்குச் சோதனை. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு செபமாலை உருட்டினார். கடைசித் துண்டை ஓட்டோவில் ஓடி, பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்க உள்ளே போனோம். அக்காவை மெசின் அறைக்குள் விட்டுக் கதவை மூடினார்கள். எழுப்பி அனுப்பினால் உடனே வெளியே வருவார் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. இருபது நிமிடம் கழித்து வெளியே வந்து, என்னைக் கடந்து கழிப்பறைக்கு ஓடினார். பின்னால் வந்த, போனில் பேசிய அந்தப் பிள்ளை, "இண்டைக்குப் படம் வடிவா வந்திருக்கு," என்றாள்.

போகிறவர்களுக்கு: மழைக்காலத்தில் முதல் பஸ்ஸையே பிடியுங்கள். மெசின் அறை நம்பரை வாங்கி வைத்திருங்கள், பிந்தினால் உடனே சொல்லுங்கள். எவ்வளவு தண்ணீர், எப்போது என்பதை உங்கள் ஆஸ்பத்திரியிலேயே கேளுங்கள், ஆளுக்கு ஆள் மாறும். முதல்நாள் தண்ணீரை நிறுத்தாதீர்கள். வழியில் தேவைப்பட்டால் பஸ்ஸை நிற்பாட்டச் சொல்லுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் எழுந்தால், உங்களுக்குப் பின்னால் இறங்க அந்த பஸ்ஸில் ஆட்கள் இருக்கிறார்கள்.