காலுக்குக் கீழே ஒருவன்

முதுகில் காற்றுச் சிலிண்டர் சுமந்து கடலுக்குள் இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சுனாமியன்று எங்கிருந்தோ அள்ளுண்டு வந்த வள்ளம் ஒன்று என் முதுகில் இடித்துவிட்டுப் போனதன் பலன் அது. யுத்தம் முடிந்து கடலைத் திறந்துவிட்ட காலம். மூழ்கிக் கிடக்கும் பழைய கப்பலைப் பார்க்க வெளியாட்கள் மட்டக்களப்புக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். அவர்களைக் கீழே கூட்டிப்போகும் வேலைதான் எனக்கு வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன்.

அப்படி ஆட்களைக் கூட்டிப்போகும் சுழியோடிக் கடையை நடத்திய ஓர் அம்மா இரக்கப்பட்டு வேறொரு முறையைக் காட்டினார். தண்ணீருக்குள் இறங்கியபிறகு, இரண்டு சிலிண்டர்களை இரு பக்கமும் அக்குளோடு கொழுவிக்கொள்வது. மேல்பக்கத்தை றப்பர் கயிறு இழுத்துப் பிடிக்கும். அடிப்பக்கத்துக் கொளுக்கி இடுப்புப் பட்டி வளையத்தில் மாட்டும். முதுகுக்குப் பாரமே இல்லை. ஆனால் உடம்பு தலை முதல் கால் வரை மட்டமாகக் கிடக்க வேண்டும். கால் தாழ்ந்தால் கப்பலுக்குள் படிந்த சேறும் துருவும் கிளம்பும். பின்னால் வருகிறவருக்கு வாசல் தெரியாது. இந்த சீசனுக்குள் சரிவராவிட்டால் உனக்குக் கரைவேலைதான் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னார்.

இதை என்னோடு சேர்ந்து பழகியவன் ஏறாவூர் நண்பன். அதே கடையில் வேலை, என் வயதுதான். முகத்துவாரத்துக்கு உள்பக்கம், கடல் ஏறி வாவி தெளிகிற நேரத்தில் இருவரும் இறங்குவோம். என் கால் தாழ்ந்துகொண்டே போனது. மிதந்துவிடாமல் கட்டும் ஈயக்கட்டிகளை இடுப்பிலிருந்து தோளுக்கு ஏற்றினேன். சிலிண்டரைச் சுற்றிய பட்டியைத் தளர்த்தி, சிலிண்டரை இன்னும் மேலே தள்ளினேன். கடைசியில் வால்வு தாடையில் இடித்தது. கால் மட்டும் அசைந்துகொடுக்கவில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. கொளுக்கியைக் கரையில் வீசி எறிந்தேன்.

அவன் போய் அதைப் பொறுக்கிக்கொண்டு வந்தான்.

"மச்சான், சாமானில பிழை இல்ல. உன்ட கால் எதையோ தேடுது. நான் பாத்துக்கொண்டுதான் இருக்கன்."

"என்னத்தத் தேடுது?"

"அத நீதான் சொல்லோணும்."

யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. சுனாமியன்று அலை என்னைப் புரட்டியபோது காலில் ஒரு கிணற்றுக் கட்டு தட்டுப்பட்டது. அதன்மேல் நின்றுதான் தண்ணீர் வடியும்வரை மூச்சுவிட்டேன். அன்றிலிருந்து தண்ணீரில் இறங்கினாலே கால் அந்தக் கட்டைத் தேடும். அவனிடம் அதைச் சொன்னேன். அவன் தன் நீர்க்கண்ணாடியைக் கையில் எடுத்தான்.

"சரி, இறங்கு. நான் கீழ கிடக்கன். மிதிச்சுப்போடாத."

மணலில் மல்லாந்து படுத்துக்கொண்டான், அவன் முகம் சரியாக என் காலுக்குக் கீழே. வழக்கம்போல என் கால் தாழ்ந்தது. காலில் மாட்டியிருந்த துடுப்பு அவன் கண்ணாடியில் உரசியது. நான் அந்தரப்பட்டுத் திரும்பி, அவன் தோளைத் தொட்டு அந்தக் கையை என் கண்ணாடியில் ஒற்றிக்கொண்டேன். ஆள்மேல் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றுவது சிறுவயதில் வந்த பழக்கம்; தண்ணீருக்கு அடியிலும் அது விடவில்லை. அவன் சிரித்த சிரிப்பில் குமிழிகள் என் வயிற்றில் வந்து மோதின.

அதற்குப் பிறகு என் கால் இறங்கவில்லை. மனிதன் ஒருவன் கிடக்கும் இடத்தில் எப்படிக் கால் வைப்பது? தாழாத காலோடு பார்த்தால், இத்தனை நாள் நான் மாற்றியதெல்லாம்தான் பிழை; பாரமெல்லாம் மேலே இருந்ததால் தலை குப்புற விழப்பார்த்தேன். ஈயத்தை இடுப்புக்கே இறக்கினோம். சிலிண்டரையும் பழைய இடத்துக்கே இறக்கினோம். காற்றுக் குறையக் குறைய சிலிண்டரின் அடி மிதந்து எழும்பும். அப்போது கொளுக்கியைக் கழற்றி இடுப்புப் பட்டியின் முன்வளையத்துக்கு மாற்றினால் போதும். அவ்வளவுதான் வேலை.

கடை அம்மா என்னைக் கப்பலுக்குக் கூட்டிப்போய்ச் சோதித்த நாளில் அவன் கரையில் நின்றான். கப்பலின் வாசலில் நுழைந்ததும், கீழே கறுப்பாகப் படிந்திருந்த சேற்றைக் கண்டு கால் மெல்ல இறங்கப் பார்த்தது. அவன் கீழே கிடக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். கால் ஏறிவிட்டது. வெளியே வந்து திரும்பிப் பார்த்தபோது, நான் வந்த வழி முழுவதும் தெளிவாக இருந்தது. பின்னால் வந்த கடை அம்மா தண்ணீருக்குள்ளேயே என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கரைக்கு வந்ததும் அவன் கேட்டது ஒன்றுதான்.

"என்ட மூக்கு தப்பிச்சா?"

"ஓம், தப்பிச்சிட்டு."

அவன் இப்போது கத்தாரில் இருக்கிறான். அந்தக் கிணற்றுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியாது. அவனுக்கு நன்றி சொன்னால் ஏசுவான். அதனால் ஒவ்வொரு முறை இறங்கும்போதும், காலுக்குக் கீழே அவனுக்கு இடம் விட்டு மிதக்கிறேன்.