டப்பாவுக்காகக் காத்திருந்த நாலு நாள்

என் வேலை என்னவென்று யாராவது கேட்டால் அம்மா, "பிள்ளைகளுக்கு வைத்தியம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வாள். மீதியைச் சொல்ல அவளுக்குக் கூச்சம். நாங்கள் மடி, ஆசாரம் பார்க்கிற பெருமாள் கோயில் தெருக்காரர்கள். நானோ பல வருடமாகக் குழந்தைகளின் மலத்தைச் சேகரித்துக்கொண்டிருக்கிறேன்.

காரணம் இல்லாமல் இல்லை. சில பிள்ளைகளுக்கு, உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே ஆள் தெரியாமல் சொந்த மூட்டுகளைத் தாக்கும். குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் கெட்டுப்போவதில்தான் அந்த வினை தொடங்குகிறது என்பது என் கட்சி. அதைக் காட்ட வேண்டுமென்றால், மருந்து தொடங்குவதற்கு முன்னால் எடுத்த மலம் வேண்டும். மருந்து உள்ளே போய்விட்டால் கதையே மாறிவிடும்.

தூத்துக்குடி வெயிலில் இது லேசுப்பட்ட காரியமில்லை. மீன்பிடித் துறைமுகத்துப் பக்கமுள்ள ஐஸ் கம்பெனியில் ஐஸ் வாங்கி, பெட்டி கட்டித்தான் சென்னை லேபுக்கு அனுப்புவேன். "என்ன மீனும்மா?" என்று அங்கிருக்கும் அண்ணாச்சி தவறாமல் கேட்பார். "இது வேற மீன் அண்ணாச்சி" என்பேன். அவரும் பெரிய மனது பண்ணி ஒரு கை ஐஸ் கூடுதலாக அள்ளிப் போடுவார்.

அப்படி ஆராய்ச்சி முடிகிற கட்டத்தில், கணக்குக்கு ஒரே ஒரு பிள்ளை பாக்கி இருக்கும்போது, அவள் வந்தாள். ஒன்பது வயது. அப்பா உப்பு லாரி ஓட்டுகிறவர். அம்மா அவளை இடுப்பில் தூக்கி வந்திருந்தாள். இரண்டு முழங்காலும் வீங்கியிருந்தன. பார்த்ததும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மூடி போட்ட டப்பாவைக் கொடுத்து, "நாளைக்குக் காலையில இதுல எடுத்திட்டு வாங்க. ரத்த ரிசல்ட்டும் வந்திரும், அன்னைக்கே மருந்து ஆரம்பிச்சிடலாம்" என்றேன். வலிக்கு லேசாக ஒரு மாத்திரை மட்டும் எழுதினேன்.

மறுநாள் ரிசல்ட் வந்தது. டப்பா வரவில்லை.

"இன்னும் வெளிக்குப் போகல டாக்டரம்மா" என்று அவள் அம்மா போனில் சொன்னாள். வாழைப்பழம் கொடுக்கச் சொன்னேன். அடுத்த நாளும் அதே பதில். பப்பாளி கொடுக்கச் சொன்னேன். அதற்கடுத்த நாள் வெந்நீர். ரிசல்ட் கைக்கு வந்த பிறகு, மருந்தைத் தள்ளிப்போட அந்த டப்பாவைத் தவிர வேறு காரணமே கிடையாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு நாள்தானே, ஒரு நாள்தானே என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

நாலு நாள் இப்படிப் போனபின் காலி டப்பாவோடு இருவரும் வந்து உட்கார்ந்தார்கள். நான் சுவரில் இருந்த குடல் படத்தைக் காட்டி, மலச்சிக்கல் பற்றி ஒரு பாட்டம் பேசித் தீர்த்தேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"பழம்லாம் குடுத்தேன் டாக்டரம்மா. வருது வருதுங்கா, ஆனா போக மாட்டேங்கா. ஏளா, ஏன்னு நீயே சொல்லு."

சிறுமி தரையைப் பார்த்தாள். "குத்தவச்சு உக்கார முடியல. காலைல முட்டு மடங்கவே மாட்டேங்கு. அதான் அடக்கிக்கிடுதேன்."

"ராத்திரி சோறும் திங்க மாட்டேங்கா."

"தின்னா போகணும்லா" என்றாள் அவள்.

குடல் கெட்டால் மூட்டு கெடும் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறவள் நான். மூட்டு கெட்டதால் ஒரு குடல் அடைத்துக் கிடக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆராய்ச்சிக்காகப் பெற்றோரிடம் நான் கேட்கும் கேள்விப் பட்டியலில் தாய்ப்பாலிலிருந்து கருவாடுவரை எல்லாம் இருந்தன. வீட்டில் என்ன கழிப்பறை என்ற கேள்வி மட்டும் இல்லை. அடக்கி வைத்தாலே நுண்ணுயிர்கள் மாறிவிடும்; இதுவரை சேர்த்த டப்பாக்களில் எத்தனை இப்படி அடக்கி வைத்ததோ!

அந்த நிமிடமே மருந்தை ஆரம்பித்தேன். கழிப்பறை விஷயத்தை அவள் அப்பாவிடம் போனில் சொன்னேன். சாயங்காலமே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டு, கழிப்பறைக்கு மேல் வைத்து, போட்டோ அனுப்பிவிட்டார். ஒரு நாற்காலியும் ஒரு கத்தியும் போதுமானதாக இருந்தன.

மூன்று வாரம் கழித்து நடந்து வந்தாள். அறைக்குள் நுழைந்ததும், "இங்கன பாருங்க" என்று தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அம்மா இரண்டு பைகளை மேசையில் வைத்தாள். ஒன்றில் எங்கள் ஊர் முந்திரி இனிப்பான மக்ரூன். இன்னொன்றில் என் டப்பா, நிறைந்திருந்தது. எது எதுவென்று கேட்டுத்தான் தொட்டேன்.

"டாக்டரம்மா, இந்த மருந்து மொதல்லயே உங்ககிட்ட இருந்துச்சா?" என்று கேட்டாள் சிறுமி.

"இருந்துச்சு."

"பெறகு ஏன் அன்னைக்கே குடுக்கல?"

"இந்த டப்பாவுக்காகக் காத்துக்கிட்டிருந்தேன்" என்றேன்.

அவள் டப்பா இருந்த பையை என் பக்கம் நகர்த்தி, சமாதானம் சொல்கிற குரலில் சொன்னாள்:

"அதான் இப்போ கொண்டாந்துட்டேன்லா."