கிண்ணம் நிறைய டீ

அல்மாட்டியில் எங்கள் பஸ் டிக்கெட் கம்பெனியில், பயணிகளிடம் போனில் திட்டு வாங்குவது என் வேலை. ஏஐ உதவியாளர் வந்தபின் திட்டு இரட்டிப்பானது. "புக்கிங்கை முடிச்சிடுங்க" என்று யார் சொன்னாலும், அது டிக்கெட்டையே ரத்துசெய்தது.

"முட்டாள் மெஷின்!" என்று கத்தினான் புரோகிராமர் ஷிங்கிஸ்.

ஏஐ எடுத்துப் பயன்படுத்தும் மென்பொருள் கருவிகளுக்கு, அது படித்துப் புரிந்துகொள்ள விளக்கம் எழுத அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தார் லாரிசா அக்கா. ரத்துசெய்யும் கருவிக்கு ஷிங்கிஸ் எழுதியிருந்ததைப் படித்தார்: 'டிக்கெட்டை முடிக்கும்.' அவ்வளவுதான்.

"அதை ஏன்டா திட்டுற? நான் கொரியக்காரி. கசாக் வீட்டுக்கு மருமகளாப் போன புதுசுல, மாமனாரைப் பார்க்க வந்தவருக்குக் கிண்ணம் நிறைய டீ ஊத்தினேன். மனுஷன் மூஞ்சி சுண்டிப்போய் எழுந்து போயிட்டார். நிறைய ஊத்தினா 'கிளம்பு'ன்னு அர்த்தமாம். எவன் சொன்னான் எனக்கு?"

"அது ஊருக்கே தெரியுமே அக்கா!"

"ஊருக்குத் தெரியும். புதுசா வந்தவளுக்கு?"

அன்றே மாற்றி எழுதினார்: 'இது டிக்கெட்டை ரத்துசெய்யும், மீட்க முடியாது. பயணி ரத்து வேண்டும் என்று தெளிவாகச் சொன்னால் மட்டும் பயன்படுத்து. அப்போதும் ஒருமுறை கேட்டுக்கொள். புக்கிங்கை உறுதிசெய்ய வேறு கருவி இருக்கிறது.'

அந்தத் திட்டு நின்றது. நேற்று ஒருவர், தாராஸில் மகள் கல்யாணத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்ததாக என்னைப் போனில் வாழ்த்தினார். என்னை! ஓடிப்போய் அக்காவுக்கு நன்றி சொன்னேன். மறுபடி சொன்னேன். கண் கலங்க இன்னொரு முறை ஆரம்பித்தேன்.

அக்கா என் கிண்ணத்தில் விளிம்புவரை டீ ஊற்றினார்.