நான் அடித்த சிவப்புப் பட்டன்

என் வீட்டுக்காரருக்கு லேத் மெஷின்தான் மூத்த சம்சாரம். வேலை பார்த்த பொதுத்துறைக் கம்பெனி ஏலத்தில் கழித்துவிட்ட பழைய மெஷின் ஒன்றை எடுத்து, தெலுங்குக்காரர்கள் ஊரான மல்லாபூரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் பின்பக்கத் தகரக் கொட்டகையில் இறக்கினார். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பொம்மை ரயில் எஞ்சினுக்குச் சக்கரம் கடைவார். சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போகும்.

கம்பெனியில் அவர் சேஃப்டி கமிட்டி மெம்பர் வேறு. அதனால் கொட்டகையிலும் எல்லாம் முறைப்படி இருந்தது. ஸ்டார்ட்டர் பெட்டியில் பச்சையை அமுக்கினால் மெஷின் ஓடும், சிவப்பை அமுக்கினால் நிற்கும். கரண்ட் போய் வந்தாலும் மறுபடி பச்சையை அமுக்கினால்தான் சுற்றும். ஆபத்துக்கென்று இன்னொரு சிவப்புப் பட்டனை உள்ளங்கை அகலத்துக்கு வாங்கி, கொட்டகை வாசலில் எனக்காகவே மாட்டினார்.

"நான் கத்தினா ஒண்ணும் யோசிக்காதே. ஓடி வந்து இதை ஓங்கி அடி. என் கை உன் கையிலதான் இருக்கு," என்றார்.

சமையலறையிலிருந்து ஓடிவந்து அடித்துக் காட்டினேன். மெஷின் நின்றது. "சபாஷ்!" என்றார். எனக்கும் பெருமைதான், பொய் சொல்வானேன்.

கோடை வந்ததும் வோல்ட்டேஜ் அழுது வடிந்தது. ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் காந்தம் பிடியை விட்டுவிடும். பாதிக் கடைசலில் மெஷின் நின்று சக்கரத்தில் கோடு விழும். நாலைந்து தடவை பல்லைக் கடித்துக்கொண்டார். பிறகு, மெஷின் ஓட ஆரம்பித்ததும் பெட்டியைத் திறந்து, காந்தம் விடாதபடி ஒரு மூங்கில் சிம்பைச் செருகிவைக்கத் தொடங்கினார். வேலை முடிந்ததும் அதைப் பிடுங்கிவிட்டுத்தான் நிறுத்துவார்.

"என்னங்க இது, குச்சியெல்லாம்?"

"வோல்ட்டேஜ் சரியாகிற வரைக்கும்தான். உனக்கு ஒண்ணும் புரியாது, போ."

புரியவில்லைதான். குச்சி உள்ளே இருந்தால் என் சிவப்புப் பட்டனும் செத்ததுதான் என்று தெரிந்த மனுஷன் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஞாயிறு கரண்ட் போனது. நின்ற மெஷினில் சிக்கியிருந்த இரும்புச் சுருளைக் கையால் பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். குச்சி அப்படியே இருந்தது. கரண்ட் வந்துவிட்டது.

அவர் கத்தினார். நான் யோசிக்கவே இல்லை. ஓடிப்போய் ஓங்கி அடித்தேன். நிற்கவில்லை. இரண்டு கையாலும் அடித்தேன். ஐயோ, நிற்கவே இல்லை! ஹாலுக்கு ஓடி மெயினை அணைத்துவிட்டு வருவதற்குள் வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் என் காதோரம் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "அந்தக் குச்சியை எடுத்துடு. ஆபீஸ்ல தெரிஞ்சா மானம் போயிடும்."

விரல் போன மனுஷன் கேட்கிறார். எடுத்து எறிந்தேன்.

மறுநாள், அவரோடு வேலை பார்க்கும் ஒருவர் கொட்டகையில் மெஷினை ஓட்டிப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். திருமுல்கேரியில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழர். "பட்டன் அடிச்சா டக்குனு நிக்குது பாபி. பயத்துல கை வேற எங்கயோ பட்டிருக்கும். கைக்கு அழறீங்க? நக்கோ," என்றார். எதுக்கு அழறீங்க அண்ணி, வேண்டாம் என்பதை அந்த ஊர் உருது கலந்து சொன்னார்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் என் பெண்கூட, "அம்மா, நுவ்வு எர்ரதே நொக்காவா?" என்றாள். சிவப்பைத்தான் அமுக்கினாயா என்று பெற்ற பெண்ணே கேட்டாள்.

வீட்டுக்கு வந்தபின் சண்டை போட்டேன். "ஒருத்தர்கிட்டயாவது உண்மையைச் சொல்லுங்க."

"ரிட்டையர் ஆகட்டும், சொல்றேன்," என்றார்.

கம்பெனியில் அடுத்த சேஃப்டி வாரம் வந்தபோது அவரையே மேடையேற்றினார்கள். குடும்பத்தோடு வரச் சொல்வது வழக்கம். பெண்கள் வரிசையில் நானும் உட்கார்ந்திருந்தேன். மிச்சமிருந்த மூன்று விரலைத் தூக்கிக் காட்டினார். "பட்டன் வைத்தால் மட்டும் போதாது. ஆபத்து நேரத்தில் பதறாமல் அதை அமுக்க வீட்டில் இருப்பவர்களுக்கும் கற்றுக்கொடுங்கள்," என்றார்.

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. பக்கத்தில் இருந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசுல வெச்சுக்காதீங்க. யாருக்கும் வர்ற பதற்றம்தானே," என்றார்.