எந்தப் பக்கம் வருது?

சொன்னால் என்ன குறைந்துவிடும் இந்த மனுஷனுக்கு? வரும், வராது. இரண்டில் ஒன்று. பேனாவைக் கீழே வைக்கக்கூட வேண்டாம். தலையை ஆட்டினால் போதும். அதற்குக்கூடத் தகுதியில்லாதவளா நான்?

டிக்கெட் ஜன்னலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. என் கோபமெல்லாம் உள்ளேயே கொதித்து உள்ளேயே ஆறிவிடும் ரகம்.

பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. இப்போதும் இருக்கிறது என்று சொல்லமாட்டேன். ஆனால் என் இடது மணிக்கட்டில் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு தழும்பு இருக்கிறது. அது எப்படி வந்தது என்பதை மட்டும், நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். ஸ்டேஷனின் பெயரைச் சொல்லப் போவதில்லை. காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில் ஒன்று. அங்கே இன்னும் பெண்கள் வண்டி ஏறுகிறார்கள்.

1967, ஐப்பசி அடைமழை. என் தங்கை அலமு செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குச் சேர்ந்திருந்தாள். முதல் குழந்தை பிறக்கும்போதே போய்விட்டது. இந்த முறை ஆபரேஷன் செய்துதான் எடுக்கவேண்டும் என்றார்கள். ‘அக்கா வராமல் உள்ளே போகமாட்டேன்’ என்று அவள் அடம் பிடிப்பதாக அவள் புருஷன் தர்மன் தந்தி கொடுத்திருந்தான். அம்மா இல்லாமல் வளர்ந்தவர்கள் நாங்கள். அவளுக்கு எல்லாமே நான்தான். என் வீட்டுக்காரர் வேலையாக வெளியூர் போயிருந்தார். ஏரி உடைந்து ரோட்டில் பஸ் இல்லை. ஒரு பையில் இரண்டு புடவையைத் திணித்துக்கொண்டு எங்கள் ஊரில் மத்தியான ரயிலைப் பிடித்தேன்.

அந்த ரயில் இந்த ஸ்டேஷனில் வந்து நின்றது. நின்றுகொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்து ஒருவர் குடையோடு வெளியே நடந்தபடியே, “இது போவாது, எல்லாம் எறங்குங்க. பின்னாடி வண்டி வருது” என்றார். எந்த வண்டி? எப்போது? கேட்பதற்குள் ஆளைக் காணோம். இறங்கினோம். வந்த ரயில் திரும்பி எங்கள் ஊருக்கே போயிற்று. பாதிப்பேர் அதிலேயே ஏறிப் போய்விட்டார்கள். மற்றவர்கள் டீக்கடையைத் தேடி ஊருக்குள் போனார்கள்.

சுவரில் கரும்பலகை இருந்தது. ‘தாமதம்’ என்று அழகாகக் கோடு போட்டு எழுதி, அதற்கு எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார்கள்.

ஸ்டேஷன் மாஸ்டர் கலியாணசுந்தரம் ஜன்னலுக்கு உள்ளே எழுதிக்கொண்டிருந்தார். பெயரைப் பலகையில் பார்த்தேன். “சார், செங்கல்பட்டு வண்டி எப்போ வரும்?” என்று கேட்டேன். நிமிரவில்லை. இரண்டாம் முறை கேட்டேன். பேனா நின்றது. என் கால்களைப் பார்ப்பதற்காகவோ என்னவோ, எக்கி எனக்குக் கீழே பார்த்தார். பிறகு பழையபடி எழுத ஆரம்பித்துவிட்டார்.

பிச்சையா கேட்கிறேன்? போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.

அதே பெஞ்சில் கௌஸ் பாஷா இருந்தார். எங்கள் ஊர் ஜரிகை வியாபாரி. என் வீட்டுக்காரருக்குத் தெரிந்தவர். மடியில் தகரப் பெட்டி.

“என்னம்மா, பதில் வந்துச்சா?”

“வாயே திறக்கலை, பாய்.”

“எத்தினி தரம் கேட்டீங்க?”

“ரெண்டு தரம்.”

“அட, மூணு தரம் கேக்கணும்மா. இந்த ஸ்டேஷன்ல அதான் வழக்கம். மூணாவது தரம் கேட்டாத்தான் வாய் தொறக்கும்.”

“ஏன்? அர்ச்சனையா பண்றோம்?”

பாஷா பெரிதாகச் சிரித்தார். “எனக்கு என்னா தெரியும்? வழக்கம்னாங்க, நானும் கேட்டுக்கினு இருக்கேன். நம்ம ஊரு ஜோசியர் தேவலை, தப்போ ரைட்டோ ஒரு தேதி சொல்லுவாரு.”

அவரே எழுந்து போய் மூன்று தரம் கேட்டார். நிஜமாகவே பதில் வந்தது. “வாலாஜாபாத் பக்கம் தண்ணி. வடிஞ்சதும் வண்டி விடுவாங்க. ஸ்டேஷனுக்குள்ள எந்த லைன்ல வாங்கறதுன்னு இன்னும் தெரியலை.”

எனக்கு இன்னும் எரிச்சலாயிற்று. ஒரு பெண்பிள்ளை இரண்டு தரம் கேட்டதற்கு இல்லாத பதில், ஜிப்பா போட்டவருக்கு உண்டு. அப்போது எனக்கு அப்படித்தான் பட்டது.

மழை வலுத்தது. அலமு இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள்? வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். யாராவது அவளிடம் ‘அக்கா இதோ வந்துகினே இருக்காங்க’ என்று சொல்லியிருப்பார்கள். தெரியாமலே சொல்லியிருப்பார்கள்.

“தொழுதுட்டு வந்துடறேன்” என்று பாஷா எழுந்து, பார்சல் ஆபீஸ் தாழ்வாரத்துக்குப் போனார். இருட்டிக்கொண்டு வந்தது. மணி ஐந்து ஐம்பது. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் நிச்சயமாகச் சொல்கிறேன்.

“வண்டி எந்தப் பக்கம்மா வருது?”

பெஞ்சின் மறுகோடியில் ஒரு அம்மாள். ஐம்பது வயது இருக்கும். கெட்டியான சுங்குடிப் புடவை. கையில் பித்தளைத் தூக்கு. எப்போது வந்தாள் என்று நான் பார்க்கவில்லை.

என்ன கேள்வி! சாயங்காலம் முழுவதும் நான் கேட்டுக் கேட்டு அலுத்த கேள்வி. அந்தக் குரலில் இருந்த பணிவு என்னை என்னவோ செய்தது. இவளையும் அந்தக் கம்பி ஜன்னலுக்கு அனுப்புவதா? கூடாது.

“இந்தப் பக்கம்தான்மா. உக்காருங்க, இப்ப வந்துடும்” என்றேன்.

எனக்கு ஒன்றும் தெரியாது. இருந்தும் சொன்னேன். சொன்னதில் ஒரு சின்ன சந்தோஷம்கூட இருந்தது.

அவள் முகம் மலர்ந்தது. “பொண்ணுக்குக் கொழந்தை பொறந்திருக்குது. பத்தியச் சோறு எடுத்துக்கினு போறேன். விடிகாலைல வடிச்சது. ஆறிடப் போவுதேன்னு பதைக்குது.”

பூண்டுக் குழம்பு வாசனை. தூக்கின் மூடி ஓரத்தில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

விடிகாலையில் வடித்த சோறு.

ஏதோ அடுப்புக் கரியில் வைத்துக் கொண்டுவந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் அவள் புடவையைப் பார்த்தேன். என் முந்தானை பிழிந்தால் தண்ணீர் சொட்டும். அவள் மேல் ஒரு துளி ஈரம் இல்லை. தலையில் கனகாம்பரம், இப்போதுதான் வைத்தது போல.

டணங்... டணங்... மணி அடித்தார்கள். வண்டி பக்கத்து ஸ்டேஷனை விட்டுவிட்டது.

அவள் எழுந்தாள். “மாத்திட்டாங்க.”

“என்னம்மா?”

“வண்டியை அந்தப் பக்கம் வாங்கறாங்க. வா. தாண்டிடலாம்.”

என் இடது கையைப் பிடித்தாள். எரிந்தது. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் தொட்ட மாதிரி எரிந்தது. உதறத்தான் நினைத்தேன். ஆனால் வண்டியை விட்டால் அலமு... அந்த ஒரு எண்ணம்தான். கால்கள் தாமாக இறங்கின. ஜல்லி. ஈரத் தண்டவாளம். எதிர் பிளாட்பாரத்தில் ஒரு விளக்கு.

வேறு யாரும் தாண்டவில்லை.

அதைக் கவனித்தேன். டீக்கடைக்குப் போய்த் திரும்பியிருந்தவர்கள் எல்லாரும் பிளாட்பாரத்தில் அவரவர் மூட்டையோடு நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

மழைச் சத்தம் நின்றுபோயிற்று. மழை நிற்கவில்லை. சத்தம் மட்டும்...

“வா.”

காலுக்குக் கீழே தண்டவாளம் அதிர்ந்தது.

“அம்மா!”

யாரோ.

“அம்மா!”

அவள் திரும்பவில்லை. கையை இன்னும் இறுக்கினாள்.

“அம்மா! யம்மா! என்னா பண்றீங்க!”

பாஷாவின் குரல். கையை வெடுக்கென்று இழுத்தேன். தோல் உரிந்து வந்தது. பின்னால் விழுந்தேன். ஜிப்பாக் கை ஒன்று என் தோளைப் பற்றி மேலே தூக்கியது.

வண்டி இந்தப் பக்கம்தான் வந்தது. எஞ்சின், ஆவி, ஒரே வெளிச்சம்...

வெளிச்சத்தில் அவளைப் பார்த்தேன். லைனுக்கு நடுவில் நின்றாள். வண்டியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். வாய் அசைந்தது.

வண்டி நின்றது. அடியில் யாரும் இல்லை.

“யார் கையை உதறினீங்க?” என்றார் பாஷா. அவருக்கு மூச்சு வாங்கியது.

“அந்த அம்மா...”

“எந்த அம்மா?”

வண்டியில் ஏறிக்கொண்டேன். ரயில் கிளம்பும்போது ஸ்டேஷன் மாஸ்டர் விளக்கோடு ஓடிவந்து என் மணிக்கட்டைப் பார்த்தார். கொப்புளம் கிளம்பியிருந்தது. “சொல்லிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார். ரயில் நகர்ந்துவிட்டது.

அலமு நான் போய்ச் சேரும்வரை நிஜமாகவே அடம் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் திட்டினாள். “எங்கேக்கா போய்த் தொலைஞ்சே?” என் கையைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனாள். பெண் குழந்தை. இரண்டு உயிரும் தப்பின.

பதினைந்து நாள் கழித்து மூவருமாகக் குழந்தையோடு திரும்பினோம். மழை விட்டு நல்ல வெயில். பட்டப்பகல். அந்த ஸ்டேஷனில் ரயில் நின்றது. வழக்கம்போல ஏன் என்று யாரும் சொல்லவில்லை. தர்மன் தண்ணீர் பிடிக்க இறங்கிப் போனான்.

பிளாட்பாரத்தில் கலியாணசுந்தரம் போய்க்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாகக் கூப்பிட்டேன்.

“சார், அன்னைக்கு நான் பார்த்தது யாரு?”

அவர் நின்றார்.

“அன்னைக்கு நான் பார்த்தது யாரு, சார்?”

தொப்பியைக் கழற்றினார்.

மூன்றாவது தரம் கேட்டேன்.

“ஏழு வருஷம் ஆவுதும்மா” என்றார். “அப்ப நான் இங்க இல்லை. மகளுக்குப் பத்தியச் சோறு எடுத்துக்கினு ஒரு அம்மா வந்திருக்காங்க. வண்டி லேட்டு. எப்ப வரும், எந்தப் பக்கம் வரும்னு கேட்டுக்கினே இருந்தாங்களாம். இந்தப் பக்கம்னு யாரோ சொல்லிட்டாங்க. கடைசி நிமிஷத்துல லைனை மாத்திட்டாங்க. தாண்டி ஓடியிருக்காங்க...”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் அது இங்க வந்து ஒரு தரம்தான் கேக்கும். ரெண்டாவது தரம் கேக்காது. யார் பதில் சொல்றாங்களோ அவங்க கையைப் பிடிச்சுக்குது. அதான் மூணு தரம் கேக்காதவங்களுக்கு நாங்க வாயைத் தொறக்கறதில்லை. ஜனங்க திட்டறாங்க. திட்டட்டும்.”

அவர் போகவில்லை. என் பின்னால் அலமுவின் மடியில் இருந்த குழந்தையைப் பார்த்தார். குரல் தணிந்தது.

“இன்னொண்ணு இருக்குதும்மா. அன்னைக்குக் காலையிலேயே இந்த ஆபீசுக்குத் தந்தி வந்துடுச்சு. மகளும் போயிட்டா, கொழந்தையும் போயிடுச்சு. அந்த அம்மா நாள் முழுக்க பெஞ்சுல உக்காந்திருந்தாங்க. வண்டி வருது, வருதுன்னாங்களே தவிர... யாரும் சொல்லலை.”

“இன்னமும் தெரியாதா?”

“யாரு போய் சொல்றது?” என்றார்.

அதற்குள் தூரத்தில் யாரோ கத்தினார்கள். “இந்த வண்டி இங்கியே நிக்கும்! எறங்கி அந்த லைன் வண்டியில ஏறிக்குங்க!” பெட்டி முழுவதும் எழுந்து கதவை அடைத்துக்கொண்டது. மூட்டை, கூடை, திட்டு. கலியாணசுந்தரம் கூட்டத்துக்குள் மறைந்துவிட்டார்.

அலமுவுக்குத் தையல் ஆறவில்லை. குழந்தையோடு அந்த நெரிசலில் அவளால் இறங்க முடியாது. நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். அவள் உட்கார்ந்திருந்தது மறுபக்கத்து ஜன்னலோரம்.

“கொழந்தையை இப்படி ஜன்னல் வழியா குடும்மா. நான் வெச்சிருக்கேன். நீங்க மெதுவா எறங்கி வந்து வாங்கிக்குங்க.”

ரயிலில் யாரும் யாருக்கும் செய்கிற உதவி. இரண்டு கைகள் ஜன்னலுக்குள் நீண்டிருந்தன. அலமு நன்றியோடு சிரித்தாள். குழந்தையைத் துணியோடு தூக்கினாள்.

ஜன்னலை ஒட்டி அந்தப் பக்கம் பிளாட்பாரம் கிடையாது.

கீழே ஜல்லிதான். எவ்வளவு உயரமான ஆள் நின்றாலும் தலை ஜன்னலுக்கு எட்டாது. அந்த முகம் எனக்கு நேராக இருந்தது. தலையில் அதே கனகாம்பரம்.

இன்னொரு தரம் கேட்கவில்லை. காத்திருந்தது.

சொல்லியிருக்கலாம். ஏழு வருஷமாக யாரும் சொல்லாததை நான் சொல்லியிருக்கலாம்.

அலமுவின் கையிலிருந்து குழந்தையை வாங்கி என் மாரோடு அணைத்துக்கொண்டேன். “என்னக்கா, பாவம், அவங்க...” என்று ஆரம்பித்தவளின் வாயை மெதுவாகப் பொத்தினேன். பிறகு அதே கையால் ஜன்னல் பலகையைக் கீழே இறக்கினேன்.