எங்கள் வீட்டு மாட்டுக்கு இன்சூரன்ஸ்

எங்கள் வீட்டில் இன்சூரன்ஸ் இருந்த ஒரே உயிர் மாடுதான். எனக்கும் கிடையாது, என் வீட்டுக்காரருக்கும் கிடையாது. டயகமப் பக்கத்துத் தோட்டமொன்றில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவில் நான் வேலை பார்க்கிறேன். அவர் தேயிலை ஃபெக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் குடியிருக்கும் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் தகரம் போட்ட பட்டியில் ஒரு ஜெர்சிப் பசு. அதற்குப் பெயர் வைக்கவில்லை. "புள்ள" என்று அவர் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும். நான் கூப்பிட்டால் பார்க்காது.

எனக்குக் காய்ச்சல் என்றால் "பனடோல் போட்டுக்கிட்டுப் படு" என்பார். அதற்கு லேசாகச் செருமல் என்றால் டவுனிலிருந்து மாட்டு டாக்டரை வரவழைப்பார். மழையில் நனைந்துகொண்டு ஓடைக்கரையெல்லாம் புல் அறுத்து வருவார். வந்ததும் தன் தலையைத் துவட்டமாட்டார், அதன் முதுகைத் துவட்டுவார். எங்கள் லயத்துப் பெண்கள் அதை என் சக்களத்தி என்றுதான் சொல்வார்கள். நானும் மறுத்ததில்லை.

இன்சூரன்ஸ் என்னுடைய யோசனை. பக்கத்து லயத்தில் ஒரு மாடு பள்ளத்தில் உருண்டு செத்துப்போனது. அந்தக் குடும்பத்தால் மறுமாடு வாங்கவே முடியவில்லை. மாடு விற்கிற விலை அப்படி. எங்களுடையது போனால் எங்களுக்கும் அதே கதிதான், அடுத்த கன்றுக்கு இன்சூரன்ஸ் காசை விட்டால் வேறு வழி கிடையாது. மாடு இல்லாமல் இந்த மனுஷன் ஒரு மாதம்கூட ஒழுங்காகச் சாப்பிடமாட்டார் என்பது அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஆகவே பால் சேர்க்கும் நிலையத்துக்கு வந்த அதிகாரியிடம் என் சம்பளத்திலிருந்து கட்டினேன். நம்பர் போட்ட மஞ்சள் வில்லை ஒன்றை அதன் காதில் குத்தினார்கள். குத்தும்போது இவர் ஓடைப்பக்கம் போய் நின்றுகொண்டார்.

அந்த முதல் வருஷத்து மாட்டுப்பொங்கலுக்கு என்ன செய்தார் தெரியுமா? மாட்டைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, கொம்புக்குச் சாயம் அடித்து, மாலை போட்டார். எல்லாம் முடிந்து தள்ளி நின்று பார்த்தவருக்கு அந்த வில்லை கண்ணை உறுத்தியிருக்கிறது. நல்ல நாளும் அதுவுமாக இதென்ன அலங்கோலம் என்று, குறட்டால் வெட்டிக் கழற்றிவிட்டார். தொலைந்துபோகக் கூடாதே என்று மணிக்கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டியும் விட்டார். அவரைப் பொறுத்தவரை அது மாட்டிடம்தானே இருக்கிறது.

அடுத்து வந்த அதிகாரி கழுத்தைப் பார்த்தார், காதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிங்களத்தில் பொறுமையாகத்தான் சொன்னார். வில்லை காதில் இருந்தால்தான் மாட்டுக்குக் காப்புறுதி, கழுத்தில் இருந்தால் மணிக்குத்தான் காப்புறுதி என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, மானமும் போனது. மறுபடி பணம் கட்டினேன், மறுபடி துளை போட்டார்கள்.

"போதும், இனி அது காதுல யாரும் கைய வைக்கக்கூடாது," என்றார் இவர்.

"நீங்க வைக்காம இருந்தாப் போதும்," என்றேன் நான்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் ஏதாவது மாறியிருக்கும். முதலில் எந்த நோய் வந்தாலும் உண்டு என்றார்கள். பிறகு தடுப்பூசி போட்ட அட்டை இருந்தால்தான் உண்டு என்றார்கள். பள்ளத்தில் விழுந்தால் உண்டு, ஆனால் கட்டிப்போட்டிருந்த மாடாக இருக்கவேண்டும் என்றார்கள். கட்டிப்போட்ட மாடு எப்படிப் பள்ளத்தில் விழும் என்று நான் கேட்டேன். அதிகாரி பாரத்தை இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு ரசீது எழுதினார். நாட்டில் எல்லா விலையும் ஏறிய காலத்தில் புண்ணாக்கு ஏறியது, தவிடு ஏறியது, இன்சூரன்ஸ் கட்டணமும் ஏறியது. மாட்டுக்கு வயது ஏறிவிட்டதால் கிடைக்கப்போகும் தொகை மட்டும் இறங்கியது. "கூடக் கட்டுனா கொறையத் தருவாங்களா? நல்ல கணக்கா இருக்கே," என்று இவர் என்னைச் சீண்டுவார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினேன். இறங்கிய தொகைக்கும் ஒரு சின்னக் கன்றாவது கிடைக்கும் என்பது என் கணக்கு.

போன மழைக்காலத்தில் அது படுத்துவிட்டது. இரண்டு நாள் இவர் பட்டியை விட்டு நகரவில்லை. டாக்டர் வந்து ஊசி போட்டார், வயதாகிவிட்டது என்றார். மறுநாள் விடியும்போது போய்விட்டது. இவர் அழவில்லை, அதன் கண்ணை மூடிவிட்டு அப்படியே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அழுதது நான்தான். சக்களத்திக்காக அப்படி அழுவேன் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

டாக்டர் இறப்புச் சான்று எழுதித் தந்தார். அதிகாரிக்குப் போன் போட்டேன். பாதையில் மண் சரிந்து கிடந்ததால் அன்றைக்கு வர வழியில்லை என்றார். இந்த வருஷம் ஒரு நிபந்தனை புதிதாகச் சேர்ந்திருக்கிறதாம். அவர்கள் நேரில் பார்க்குமுன் மாட்டைப் புதைப்பதானால், வில்லையோடு காதை அறுத்து எடுத்து வைக்கவேண்டும், வில்லையை மட்டும் கழற்றித் தந்தால் செல்லாது. அதைச் சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்தது, "அக்கே, அக்கே" என்று சிங்களத்தில் என்னை அக்கா போட்டு இழுத்து இழுத்துத்தான் சொன்னார்.

எங்கள் பக்கம் பால் கொடுத்த பசுவை இருட்டும்வரை வைத்திருக்கமாட்டோம். குளிப்பாட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, வீட்டுப் பொம்பளையின் சேலை ஒன்றைப் போர்த்திப் புதைப்போம். அந்தப் பால் குடித்த வீடுகளெல்லாம் பூவோடு வரும். உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் அனுப்பவேண்டும் என்பார்கள். அதிகாரி சொன்னதை நான் இவரிடம் சொன்னேன். சொல்லாமல் எப்படி இருப்பது? கேட்டுக்கொண்டு பட்டிக்குள் போனார். லயத்து ஆட்கள் மரக்கறித் தோட்டத்து ஓரமாகக் குழி வெட்டத் தொடங்கினார்கள்.

நான் சேலை எடுத்துக்கொண்டு பட்டிக்குத் திரும்பியபோது இவர் குந்தியிருந்தார். ஒரு கையில் கவ்வாத்துக் கத்தி, தேயிலைச் செடியைக் குட்டையாகக் கவ்வாத்து வெட்டுகிற அதே கத்தி, தீட்டி வைத்திருந்தார். இன்னொரு கை அதன் காதடியைச் சொறிந்துகொண்டிருந்தது. உயிரோடு இருந்தபோது அதற்கு அந்த இடத்தில்தான் சொறியவேண்டும்.

"வேணாம், கத்திய வைங்க," என்றேன்.

"நீ வருஷா வருஷம் கட்டுன காசு. ஒங் காசு வீணாப் போயிரும்," என்றார்.

"எங் காசுதானே? நாந்தான் சொல்றேன், வைங்க."

கத்தியை நானே வாங்கித் தூர எறிந்தேன். என் கல்யாணச் சேலை பழசாகிவிட்டிருந்தாலும் நிறம் மங்கவில்லை. அதைத்தான் போர்த்தினோம். இரண்டு காதும் முழுசாக, மஞ்சள் வில்லையும் அப்படியே இருக்க, மண் போட்டோம்.

பாதை திறந்ததும் அதிகாரி வந்தார். நல்ல மனுஷன். தலைப்பக்கம் மட்டும் கொஞ்சம் தோண்டினால் போதும், மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். இவர் எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார். மண் போட்டதைத் தோண்டுவதில்லை என்று நான் சிங்களத்தில் சொன்னேன். பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டு, காசு கிடைக்காது என்பதை மூன்று விதமாகச் சொல்லி வருந்திவிட்டுப் போனார்.

இன்னும் கன்று வாங்கவில்லை, எப்போது வாங்குவோம் என்றும் தெரியவில்லை. இவர் இப்போது பக்கத்து வீட்டு மாட்டுக்குப் புல் அறுத்துக் கொடுக்கிறார், அவர்களுக்கு மாடு வளர்க்கவே தெரியவில்லை என்று வந்து என்னிடம் குறை சொல்கிறார். நேற்றுக்கூடச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அன்னிக்கு நீ தடுக்காம இருந்திருந்தா ஒரு கன்னுக்குட்டி வந்திருக்கும்," என்றார். நீங்கள் அறுத்திருப்பீர்களா என்று கேட்டேன். அறுத்திருப்பேன் என்றார், சோற்றைப் பார்த்துக்கொண்டு. எனக்குத் தெரியும், அறுத்துத்தான் இருப்பார். அவருக்காகத்தான் நான் அத்தனை வருஷம் காசு கட்டினேன், எனக்காகத்தான் அவர் கத்தியைத் தீட்டினார். அந்தக் காதை அறுத்திருந்தால், அதற்குப் பிறகு எத்தனை கன்று வந்தாலும் இவர் பட்டிக்குள் கால் வைத்திருக்கமாட்டார்.